அந்தச் சுவரோரம் பாய் விரிக்காதீர்கள்

கோயில் நிர்வாகக் குழுத் தலைவர் ஐயாவுக்கும், செயலாளர் அம்மாவுக்கும், உறுப்பினர்கள் அனைவருக்கும்,

முன்பக்க அறையில் நடந்துவந்த கிரெஷ்ஷை, அதாவது குழந்தைகள் காப்பகத்தை, மண்டபத்துக்குப் பின்னால் உள்ள நீள அறைக்கு மாற்றிவிட்டீர்கள். பழைய அறை இப்போது மணப்பெண் அலங்கார அறை. ரோஜா நிறம் அடித்து, ஆளுயரக் கண்ணாடி மாட்டி, அழகாகத்தான் இருக்கிறது. கல்யாண வாடகை கூடும் என்று கூட்டத்தில் சொன்னீர்கள், கூடட்டும். அந்த வாடகையில்தான் கூரை மாற்றினோம் என்பதை நான் மறக்கவில்லை. என் வழக்கு குழந்தைகளைக் கொண்டுபோய் வைத்த இடத்தைப் பற்றியது. அந்த நீள அறையின் இடப்பக்கச் சுவருக்கு அந்தப்புறம் என்ன இருக்கிறது என்று, முடிவெடுக்கும் முன் உங்களில் ஒருவராவது கதவைத் திறந்து பார்த்தீர்களா?

மின்சார அறை இருக்கிறது. மின்சாரத்தைப் பிரித்து அனுப்புகிற மெயின் டிபி போர்டு, மண்டபத்துக்குப் போகிற கேபிள்கள், சமையற்கட்டுக்குப் பிரிகிற கேபிள், அப்புறம் எர்த் கம்பி கட்டிய பழைய கால்வனைஸ் தண்ணீர்க் குழாய். அந்தக் குழாய் சுவரைத் துளைத்து வந்து, கிரெஷ் அறையின் தரையோரமாகவே ஓடி, பின்பக்கம் சமையற்கட்டுக்குப் போகிறது. பலகை அடித்து வெள்ளைப் பெயின்ட் பூசியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது.

இரண்டு முறை தனியாகக் கடிதம் கொடுத்தேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு வாட்ஸ்அப்பில் ஒரு வரி வந்தது: "சோதித்தாகிவிட்டது, பாதுகாப்பானது." யார் சோதித்தார்கள், எதை வைத்து, எந்த நாளில், எவ்வளவு காட்டியது, ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பையன் கணக்கில் விடையை மட்டும் எழுதி வழியைக் காட்டாமல் விட்டால் மதிப்பெண் கிடையாது. குழுவுக்கும் அதே சட்டம்தான். அதனால்தான் இந்த மடல் எல்லோரும் படிக்கும்படி வருகிறது. தமிழ் வாசிக்க வராத பெற்றோருக்கு நானே ஆங்கிலத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்று சொல்கிறேன். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கஞ்சி ஊற்றிய ஞாயிறு, அண்டா கழுவிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் குழாயிலிருந்து சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "சுருக்குன்னுது டீச்சர்" என்றார். ஈரக் கை, வெறுங்கால், சிமென்ட் தரை. நான் தொட்டபோது ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, மூன்று எலெக்ட்ரிக் அடுப்பும் ஓடும்போது, எனக்கும் எறும்பு ஊர்கிற மாதிரி வந்தது. அன்றைக்கே பொருளாளர் தம்பியிடம் சொன்னேன். "பழைய கட்டடம் டீச்சர், அப்படித்தான் இருக்கும்" என்றார். சரி, பார்ப்பார் என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

பிறகு கிரெஷ் இடம் மாறியது. ஒரு புதன்கிழமை மதியம் பாடப் புத்தகக் கட்டை எடுக்க உள்ளே போனேன். பதினான்கு குழந்தைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். பாய்கள் சுவரை ஒட்டி, தலைகள் அத்தனையும் சுவர்ப் பக்கம். சன்னல் வெயில் கண்ணில் படக்கூடாது என்று ஆயா அப்படிப் போட்டிருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு குழந்தையின் தலைமுடி அந்த வெள்ளைப் பலகையில் உரசிக்கொண்டிருந்தது. பலகைக்குப் பின்னால் குழாய். குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறது. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்த பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

பல்கலைக்கழகத்தில் இயற்பியல் கற்பிக்கும் தோழி ஒருத்தி காந்தப்புலம் அளக்கும் காஸ் மீட்டர் ஒன்றைக் கடனாகக் கொடுத்தாள். கையடக்கமாக, சோப்புக்கட்டி அளவுதான் இருக்கும். போனிலேயே அளக்கலாமே என்று சிலர் சொல்கிறீர்கள். போனில் இருப்பது திசைகாட்டிக்காக வைத்தது. பூமியின் நிலையான காந்தத்தைத் தேடுவதுதான் அதன் வேலை. நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாக ஊசலாடுகிற மின்சாரத்தின் காந்தப்புலத்தை அது ஒழுங்காகப் பிடிக்காது. அதை வைத்து யாரும் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம்.

முதல் நாள் நானே முட்டாள்தனம் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். சுவரோரம் 71 என்று காட்டியது. காந்தப்புலத்தின் அலகான மைக்ரோடெஸ்லா என்று நினைத்துக்கொண்டு கை நடுங்கத் தோழிக்குப் போன் செய்தேன். "யூனிட்டைப் பார்" என்றாள். மில்லிகாஸ். பத்து மில்லிகாஸ் சேர்ந்தால்தான் ஒரு மைக்ரோடெஸ்லா. ஆக அது 7.1 மைக்ரோடெஸ்லா. கீழே நான் சொல்கிற புல எண்கள் எல்லாமே அதே அலகில்தான்.

அந்த 7.1 சுவரிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, தரையில், குழந்தையின் தலை இருக்கிற இடத்தில். 1 மீட்டர் தள்ளினால் 2.1. அறையின் நடுவில் 0.6. கதவோரம் 0.3க்கும் கீழே. மூன்று புதன்கிழமைகள், மதியம் ஒன்றிலிருந்து இரண்டுக்குள், தூங்குகிற நேரத்திலேயே அளந்தேன். ஏறக்குறைய அதே எண்கள். வாரநாளிலும் கேட்டரிங்காரர்கள் சமையற்கட்டை வாடகைக்கு எடுத்து அடுப்பு எரிப்பதால் லோடு குறைவதில்லை. பழைய கிரெஷ் அறையில், அதாவது இப்போதைய மணப்பெண் அறையில், நடுவில் நின்று பார்த்தால் 0.05. ஐரோப்பாவில் சாதாரண வீடுகளில் சராசரி 0.025 முதல் 0.07 வரை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆக நல்ல அறையை நாம் கண்ணாடிக்கும் பவுடருக்கும் கொடுத்திருக்கிறோம்.

இன்னொன்றும் அளந்தேன். ஓடைக்கு அந்தப்புறம் போகிற உயரழுத்த மின்சார டவர் லைனைப் பற்றிப் பல வருடமாக ஊரில் பேச்சு. அதனால்தான் தலைவலி, அதனால்தான் மாமரம் காய்க்கவில்லை என்றெல்லாம் சொல்வார்கள். நம் வேலியோரம் நின்று பார்த்தேன், 0.1. நேர் அடியில் போய் நின்றால் அதிகம் இருக்கும். இப்படிப்பட்ட லைன்களின் கீழே 20 வரைகூடப் போகலாம். ஆனால் தள்ளிப்போகப் போக மளமளவென்று குறைந்துவிடும், நம் வேலி போதுமான தூரத்தில் இருக்கிறது. எல்லோரும் அண்ணாந்து பார்க்கிற டவரைவிட யாரும் குனிந்து பார்க்காத குழாய்தான் இங்கே பெரிய ஆள்.

சுவருக்குள் ஏதோ டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். அப்படி இல்லை. என் அண்ணன் மகனிடம் வயர்மேன் லைசென்ஸ் இருக்கிறது. அவனை அழைத்துப்போனேன். மின்சார அறைச் சாவி எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். அவன் எதையும் கழற்றவில்லை, திருகவில்லை. கம்பியைச் சுற்றிப் பிடித்தே மின்சாரத்தை அளக்கிற கிளாம்ப் மீட்டர் என்று ஒன்று வைத்திருக்கிறான், நண்டுக் கொடுக்கு மாதிரி வாய் திறக்கும். சமையற்கட்டுக்குப் போகிற மொத்தக் கேபிளையும் அந்தக் கொடுக்குக்குள் விட்டான். "அத்தை, இது சைபர் காட்டணும்" என்றான். 11 ஆம்பியர் காட்டியது. அடுத்து கொடுக்கை அந்தத் தண்ணீர்க் குழாயில் மாட்டினான். அங்கேயும் 11.

பொருளாளர் தம்பிக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கேபிளுக்குள் லைவ் கம்பியில் போகிற மின்சாரம் முழுக்க நியூட்ரல் கம்பியில் திரும்பி வர வேண்டும். போவதும் வருவதும் ஒட்டிக்கொண்டே ஓடினால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும். வரவும் செலவும் நேராகிவிடும். கணக்கு நேராகவில்லை, 11 குறைகிறது என்றால், அந்த 11 வேறு பாக்கெட் வழியாகப் போகிறது என்று அர்த்தம். நம்முடையது குழாய் வழியாகப் போகிறது. சமையற்கட்டுக்குப் புதிய டிபி போர்டு வைத்தபோது அங்கே நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அந்த இணைப்பு மின்சாரம் உள்ளே வருகிற இடத்தில் ஒரே ஒரு முறை இருக்க வேண்டியது. இரண்டாவது இடத்திலும் சேர்த்தால், திரும்புகிற மின்சாரத்தில் ஒரு பங்கு கம்பியை விட்டுவிட்டுக் குழாயைப் பிடித்துக்கொள்ளும். கேபிள் மேலே கூரைக்குள், குழாய் கீழே தரையோரம். பிரிந்துவிட்டதால் ஒன்றை ஒன்று அழிப்பதில்லை, புலம் அறைக்குள் பரவுகிறது.

தோழி ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டுக் காட்டினாள். தனிக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடினால் 1 மீட்டர் தூரத்தில் 0.2 மைக்ரோடெஸ்லா. 11 ஆம்பியருக்கு 2.2. நான் அளந்தது 2.1. அதற்கு மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

இன்னும் சந்தேகம் இருப்பவர்களுக்கு: போன சனிக்கிழமை வரவேற்பு நடந்தபோது நான் அந்த அறையில் மீட்டரோடு இருந்தேன். எல்லா அடுப்பும் ஓடிக்கொண்டிருந்தது, ஒரு மீட்டர் தூரத்தில் எண் 4ஐத் தாண்டியது. எட்டு மணி சுமாருக்கு லைட் போனது. மண்டபத்தில் எல்லோரும் "ஓ" என்று கத்தினார்கள். மீட்டர் மட்டும் பேட்டரியில் மினுக்கிக்கொண்டிருந்தது, 0.02. ஜெனரேட்டர் மண்டபத்து விளக்குகளை ஏற்றியது. அடுப்புகள் அதில் இல்லை. எண் அப்படியே கிடந்தது. கரென்ட் திரும்பி அடுப்பு சூடானதும் பழையபடி ஏறியது.

சரி, 7.1 இருந்தால் என்ன ஆகும்? இதில் நான் கூட்டியும் சொல்லப்போவதில்லை, குறைத்தும் சொல்லப்போவதில்லை.

1979இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் நான்சி வெர்தைமர் என்ற ஆய்வாளரும் எட் லீப்பர் என்ற இயற்பியலாளரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் வீடுகளைத் தெருத்தெருவாகப் போய்ப் பார்த்ததில், அதிக மின்சாரம் சுமக்கும் கம்பிகளுக்கு அருகிலான வீடுகள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக இருந்தன. அதற்குப் பிறகு பல நாடுகளில் தேடினார்கள். 2000இல் ஒன்பது ஆய்வுகளின் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது, சராசரி 0.4 மைக்ரோடெஸ்லாவுக்குக் கீழே இருந்த குழந்தைகளிடம் எந்த வேறுபாடும் தெரியவில்லை. அதற்கு மேல் இருந்தவர்களிடம் ரத்தப் புற்றுநோய் ஏறக்குறைய இருமடங்கு. ஆனால் அந்த மேல் பிரிவில் இருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, அதனால் தற்செயலாகவோ ஆட்களைத் தேர்ந்தெடுத்த முறையாலோ வந்திருக்கலாம் என்ற கேள்வி இன்றுவரை ஓயவில்லை. இவ்வளவு பலவீனமான புலம் உடம்புக்குள் என்ன செய்து நோயை உண்டாக்கும் என்பதற்கும் யாரும் வழி காட்டவில்லை.

பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2001இல் கூடி, இந்தக் காந்தப்புலத்தை "2பி" என்ற பிரிவில் வைத்தது: புற்றுநோயை உண்டாக்கக்கூடும், உறுதியில்லை. அதே பிரிவில் கிழக்காசிய முறையில் ஊறவைத்த காய்கறியும் இருக்கிறது. நம் மாங்காய் ஊறுகாயைச் சொல்லவில்லை, பதற வேண்டாம். பிரிவின் கனம் அவ்வளவுதான் என்பதற்காகச் சொல்கிறேன். அந்த அறையில் படுத்த குழந்தைக்கு நோய் வரும் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. அப்படி நான் சொன்னதாகப் பரப்புகிறவர்கள் நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஆனால் குழு சொல்கிற பதிலும் முழுப் பதில் இல்லை. "பன்னாட்டு வரம்பு 200 மைக்ரோடெஸ்லா, நம்முடையது 7தான்" என்று செயலாளர் அம்மா கூட்டத்தில் சொன்னார்கள். உண்மை. அயனியாக்காக் கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஆணையம் 2010இல் பொதுமக்களுக்கு வைத்த வரம்பு அது. 1998இல் 100ஆக இருந்தது. ஆனால் அந்த வரம்பு எதற்கு? பலமான புலம் அந்த நேரத்திலேயே நரம்பைத் தூண்டிவிடாமல் இருப்பதற்கு. ஒரு குழந்தை வருடக்கணக்கில் சின்னப் புலத்தில் தூங்கினால் என்ன என்ற கேள்விக்காகப் போட்ட எண் அல்ல. வெந்நீர் கையைச் சுடாது என்று சொல்கிற தெர்மாமீட்டரை வைத்துத் தண்ணீர் குடிக்க உகந்ததா என்று கேட்க முடியாது.

பொருளாளர் தம்பியின் வாதம் இன்னும் சுவாரசியம்: "ஹேர் டிரையரில் இதைவிட அதிகம் டீச்சர், மணப்பெண் அறையில்தான் ஆபத்து!" எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் என்று அவர் சொன்னது சரிதான். ஹேர் டிரையரை 3 சென்டிமீட்டரில் வைத்தால் 6 முதல் 2000 வரை காட்டும். ஷேவர் 15 முதல் 1500. வாக்குவம் கிளீனர் 200 முதல் 800. அதே ஹேர் டிரையர் ஒரு மீட்டர் தள்ளி 0.03க்குள் அடங்கிவிடும். ஃபிரிட்ஜ் 30 சென்டிமீட்டரில் 0.25க்குள்தான். வீட்டுச் சாமான்களின் குணமே அது, பக்கத்தில் வைத்தால் சீறும், ஒரு கை தூரம் நகர்ந்தால் அடங்கும். அப்புறம் நேரம் என்று ஒன்று இருக்கிறது தம்பி. தலை காய வைக்கப் பத்து நிமிடம். உன் பாப்பா அந்த அறையில் காலை ஏழரைக்கு வந்தால் மாலை நாலரைக்குத்தான் போகிறாள், வாரத்துக்கு ஐந்து நாள். ஆய்வுகள் பார்த்தது நாள் முழுக்கச் சேர்ந்த சராசரியை, ஒரு கண நேர உச்சத்தை அல்ல.

இதில் நமக்கு உதவுகிற ஒரு வரி உலக சுகாதார நிறுவனத்தின் 2007 அறிக்கையில் இருக்கிறது. காரணத் தொடர்பு நிரூபிக்கப்படவில்லை, ஆகவே மனம்போன போக்கில் வரம்பைக் குறைக்க வேண்டாம் என்கிறது. கூடவே, குறைந்த செலவில் முடிகிறது என்றால் புலத்தைக் குறைக்கலாம் என்கிறது. குறிப்பாக, புதிதாகக் கட்டும்போதோ வயரிங் மாற்றும்போதோ, நிலத்தின் வழியாகத் தவறிப்போகிற மின்சாரத்தைக் குறைக்க வயரிங் விதிகளைச் சரியாக அமல்படுத்தச் சொல்கிறது. நம் குழாயில் ஓடுகிற 11 ஆம்பியர் அதற்கு அச்சடித்த உதாரணம். சரிசெய்ய எவ்வளவு ஆகும்? புதிய போர்டில் அந்த ஒரு இணைப்பை எடுத்துவிட்டு ஒழுங்காகச் சோதிக்க வேண்டும். அரை நாள் வேலை என்கிறான் என் அண்ணன் மகன்.

காந்தப்புலத்தை ஒரு பக்கம் வையுங்கள். நோயைப் பற்றிய சண்டையில் யார் ஜெயித்தாலும், குழாயில் மின்சாரம் ஓடுவது தவறு. நாளைக்கு ஒரு பிளம்பர் வந்து அந்தக் குழாயை அறுத்தால், அறுந்த இரண்டு முனைகளையும் அவர் கை பிடித்திருக்கும். நியூட்ரல் கம்பி ஒருநாள் தளர்ந்துவிட்டால் மொத்த லோடும் குழாயில்தான் திரும்பும். இன்னும் மோசம்: எர்த் லீக்கேஜ் கருவியைத் தாண்டி ஒரு கம்பி போட்டிருக்கிறது. 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே சுவிட்சை இறக்கி உயிரைக் காப்பாற்றுவதற்காக இருக்கிற கருவி அது. கல்யாண சீசனில் அடிக்கடி டிரிப் ஆகிறது என்று யாரோ பைபாஸ் செய்திருக்கிறார்கள். டிரிப் ஆனது இந்தத் தப்பு இணைப்பால்தான்! நாய் குரைக்கிறது என்று நாயின் வாயைக் கட்டிவிட்டுத் திருடனை விட்டுவிட்டோம். படம் எடுத்து வைத்திருக்கிறேன், கேட்டால் காட்டுகிறேன்.

இதையெல்லாம் செய்யாமல் நீங்கள் செய்தது என்ன? "கதிர்வீச்சுத் தடுப்பு" ஸ்டிக்கர் வாங்கினீர்கள். ஒன்று 350 ரேண்ட், பன்னிரண்டு. உண்டியல் பணம் 4200 ரேண்ட். தங்க நிறத்தில் ஓம் போட்டு அழகாக இருக்கிறது. ஒட்டுவதற்கு முன்னாலும் ஒட்டின பின்னாலும் நான் அளந்தேன். முன்னால் 7.1, பின்னால் 7.1. மின்புலத்தைச் சுவரே பெரும்பாலும் தடுத்துவிடும். காந்தப்புலம் செங்கலையே மதிக்காது, காகிதத்தையா மதிக்கும்? விற்றவர் பக்கத்து ஹாலில் செல்போன் டவருக்கும் வைஃபைக்கும் இதே ஸ்டிக்கரைக் கொடுத்திருக்கிறாராம். வைஃபை ரேடியோ அலை, அதிர்வெண்ணே வேறு. நம் சுவர்ப் பிரச்சினை 50 ஹெர்ட்ஸ். பெற்றோர் குழுவில் மைக்ரோவேவ், செல்போன், ஸ்மார்ட் மீட்டர் என்று எல்லாவற்றையும் ஒரே குண்டானில் போட்டுக் கிண்டுகிறார்கள். அந்தக் குழப்பத்துக்குக் காரணம் குழுவின் மௌனம்தான். எண்ணைச் சொல்லாத இடத்தில் வதந்திதான் வந்து உட்காரும்.

என் தாத்தா மேகசின் பராக்ஸில், அதாவது டர்பன் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பில், இருந்தவர். நகரத்துக்குக் கேபிள் பதிக்கக் குழி தோண்டிய கூலி. 1950ஆம் வருட இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தின்படி 1960களில் லாரியில் ஏற்றி, இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய இந்தச் சாட்ஸ்வொர்த்தில் இறக்கியபோது, எந்த வீடு, எந்தச் சரிவு, பக்கத்தில் என்ன இருக்கிறது என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. டர்பனின் தெற்கே மீர்பேங்கில் என் சித்தி குடும்பம். அங்கே எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் புகையில் பிள்ளைகளுக்கு மூச்சுத் திணறியபோது, ஒன்றுமில்லை என்று சொன்னவர்களிடம் அந்த மக்கள் வாதம் பண்ணிக்கொண்டிருக்கவில்லை. பிளாஸ்டிக் வாளிக்குள் பை வைத்துக் காற்றைப் பிடித்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, எண்ணோடு வந்து நின்றார்கள். ஒவ்வொருவருக்கும் தன் உடல்நலத்துக்கோ நல்வாழ்வுக்கோ கேடில்லாத சூழலுக்கு உரிமை உண்டு என்று நம் தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்கிறது. வெளியாரிடம் இதையெல்லாம் கேட்டு வாங்கிய சனம், நம் கோயிலுக்குள் நம் ஆட்களிடம் கேட்டால் மட்டும் "டீச்சர் பீதி கிளப்புகிறார்" என்பதா?

இனி நான் கேட்பது.

நாளை காலையிலிருந்தே பாய்களை அந்தச் சுவரை விட்டு எடுத்துக் கதவுப் பக்கம் போடச் சொல்லுங்கள். இதற்குக் கூட்டம் வேண்டாம், தீர்மானம் வேண்டாம், ஆயாவிடம் ஒரு வார்த்தை போதும். வேலை முடிகிறவரை கிரெஷ்ஷைப் பழைய அறைக்கே கொண்டுவாருங்கள். அதுவரை மணப்பெண்கள் மேடைக்குப் பின்னால் உள்ள அறையில் அலங்கரித்துக்கொள்ளட்டும். என் கல்யாணத்தில் நான் அங்கேதான் புடவை கட்டினேன்.

இந்த வாரத்துக்குள் பதிவு பெற்ற எலெக்ட்ரீஷியன் ஒருவரை அழையுங்கள். என் அண்ணன் மகனுக்கு அந்த வேலையைக் கொடுக்க வேண்டாம், எனக்கு அந்தப் பேச்சு தேவையில்லை. அவன் பார்த்ததை வருகிறவரிடம் காட்டினால் போதும். சமையற்கட்டு போர்டின் இணைப்பைத் திருத்தி, எர்த் லீக்கேஜை அதன் இடத்தில் மறுபடி பூட்டி, கேபிளிலும் குழாயிலும் கிளாம்ப் மீட்டர் என்ன காட்டுகிறது என்று அவர் எழுதித் தர வேண்டும். புதிய போர்டு வைத்தபோது வாங்கியிருக்க வேண்டிய மின் இணக்கச் சான்றிதழ் எங்கே? இருந்தால் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். இல்லை என்றால், இல்லை என்று எழுதி ஒட்டுங்கள். அதுவரை சமையற்கட்டுக் குழாயில் யாரும் வெறுங்காலோடு நின்று பாத்திரம் கழுவக்கூடாது.

வேலை முடிந்ததும் பெற்றோர் இரண்டு பேர் முன்னிலையில் அறையை மறுபடி அளப்போம்: சுவரோரம், ஒரு மீட்டர், நடு, கதவு. தேதி, நேரம், எத்தனை அடுப்பு ஓடியது என்பதோடு தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி மாட்டுவோம். எண் இறங்கிவிட்டால் கிரெஷ் அந்த நீள அறைக்கே திரும்பட்டும், முதல் பாயை நானே விரிக்கிறேன். "பாதுகாப்பானது" என்று அனுப்பிய அந்தச் சோதனையின் தாளையும் அதன் பக்கத்தில் ஒட்டுங்கள். ஸ்டிக்கர்களைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தை உண்டியலில் போடுங்கள். விற்றவர் மறுத்தால் என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

மீட்டர் இந்த மாதம் 28ஆம் தேதிவரை என் வீட்டில் இருக்கும், அதன் பிறகு தோழிக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஞாயிறு வகுப்பு பதினொன்றரைக்கு முடியும். அதற்கு மேல் எந்த நாள் வரட்டும் என்று செயலாளர் அம்மா சொல்லி அனுப்புங்கள். இந்த முறை மின்சார அறைச் சாவியை உங்கள் கையாலேயே வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஞாயிறு தமிழ் வகுப்பு ஆசிரியை
சாட்ஸ்வொர்த், டர்பன்